மட்டக்கல்லும் மாப்பிள்ளை வீடும்

வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒரு வீடு எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த வீட்டுக்குக் கிடையாது. அந்த உரிமை குடியிருப்பு மட்ட நிர்ணய அலுவலகத்துக்கு உரியது.

அந்த அலுவலகத்தின் முற்றத்தில் முழங்கால் உயரக் கருங்கல் ஒன்று நட்டிருந்தது. அதன் பெயர் மட்டக்கல். ஊரில் யார் வீடு கட்டினாலும், வீட்டின் தரை அந்தக் கல்லின் தலைக்குச் சரிநேராக இருக்க வேண்டும். ஒரு விரல் கூடினால் அது அனுமதியற்ற உயர்வு. ஒரு விரல் குறைந்தால் அனுமதியற்ற தாழ்வு. இரண்டில் எது நடந்தாலும் குடிபுகும் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாத வீட்டுக்குத் தண்ணீரும் வராது, மின்சாரமும் வராது. இந்த விதி எதற்காக என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கான மனு இன்னும் அச்சாகவில்லை.

இந்த விதி ஒன்று இருப்பதே தெரியாமல் செருப்புக் கடையில் வேலை பார்த்து நிம்மதியாக இருந்தவர்தான் மாப்பிள்ளை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் கல்யாணமான கையோடு மாமனார் வீட்டுக்கே குடிவந்துவிட்டதால், பால்காரர் முதல் கடை முதலாளி வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

மாமனார் வீட்டில் அவருக்கும் மனைவிக்கும் கிடைத்தது சாமான் அறை. அரிசி டிரம்மும் தையல் மெஷினும் அவருக்கு முன்பே அங்கே குடிவந்தவை. ஆகவே காற்று வரும் ஜன்னலோரம் அவற்றுக்கு, மூலை மாப்பிள்ளைக்கு. விடிந்ததும் மாமியார் அரிசி எடுக்க வருவார். "நீங்க தூங்குங்க மாப்பிள்ளை, காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்குங்க" என்பார். இப்படியே காலை மடக்கி மடக்கி, நீட்டிப் படுப்பது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இந்த நிலையில்தான் மச்சானுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் படிப்பு முடிய வேண்டும் என்று முகூர்த்தம் மட்டும் நாலு வருஷம் தள்ளி. மாமனார் மாப்பிள்ளையை அழைத்தார்.

"மாப்பிள்ளை, அந்த ரூமை மச்சானுக்குக் கொடுக்கணும். உங்களுக்கு ஒரு குறையும் வராது. மாடிப்படிக்குக் கீழே நல்ல இடம் இருக்கு."

"அங்க தலை இடிக்குமே மாமா?"

"படுத்தா எப்படி இடிக்கும்? எழுந்தாத்தானே இடிக்கும்? எழ வேணாம்."

அந்தக் கணத்தில்தான் மாப்பிள்ளை வீடு கட்டுவது என்று முடிவு செய்தார். மச்சான் கல்யாணத்துக்குள் சொந்த வீட்டில் கால் நீட்டிப் படுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் மாடிப்படிக்குக் கீழே குனிந்த வாழ்க்கைதான்.

அவருக்குக் கிடைத்த மனை களிமண் பூமி. மழை பெய்தால் நடப்பவரின் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தால் வாயைப் பிளந்து, மிச்சமிருக்கும் செருப்பையும் கேட்கும். செருப்புக் கடைக்காரர்களுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. வீடு கட்டுகிறவர்களுக்கு அதைவிடக் கெட்ட மண்ணும் கிடையாது.

மேஸ்திரி வந்து மண்ணை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். அவருக்கு உலகத்தில் இரண்டே தீர்வுகள்தான் தெரியும். ஒன்று, 'போட்டுடலாம்.' மற்றொன்று, 'கொத்திடலாம்.' எந்தக் கேள்விக்கும் இரண்டில் ஒன்று பொருந்தும் என்பது அவருடைய அனுபவம்.

"களிமண்ணு மூச்சு விடும் சார். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வத்தும்."

"அப்ப மேலே இருக்கிற வீடு?"

"அதுவும் கூடவே போய்ட்டு வரும். கூட்டுக் குடும்பம்னா அப்படித்தானே?"

கூட்டுக் குடும்பத்திலிருந்து தப்பிக்கவே வீடு கட்டுகிறவருக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. இருந்தாலும் வேலை தொடங்கியது.

கோடை உச்சத்தில் தரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். வெயில் ஏறிவிட்டால் கலவை சட்டியிலேயே இறுகிவிடும் என்று, ஜல்லியைத் தண்ணீர் தெளித்துக் குளிர்வித்து, சூரியன் கண் விழிப்பதற்குள் கொட்டிச் சமன் செய்தார்கள். பிறகு மேலே சாக்கை விரித்து, அது காயக் காயத் தண்ணீர் ஊற்றினார்கள். மாப்பிள்ளை கடைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவரும் மனைவியும் குடம் குடமாக ஊற்றினார்கள். காய்ச்சல்காரக் குழந்தைக்கு ஈரத்துணி போடுவதுபோல அவ்வளவு கரிசனம். விரிசல் இல்லாமல் தரை இறுகியது. சுவரும் கூரையும் எழுந்தன.

அடுத்து ஆய்வு.

ஆய்வாளரை ஊரில் எல்லோரும் குழாய் என்றுதான் சொல்வார்கள், அவர் இல்லாத இடத்தில். அவர் மட்டம் பார்ப்பது ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து. கண்ணாடி என்றால் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். நீளமான அந்தக் குழாயில் தண்ணீரை நிரப்பினால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார்கள் ஒரு சுவருக்கும் மறு சுவருக்கும் நடுவே செய்வதை, இவர் அலுவலகத்துக்கும் ஊருக்கும் நடுவே செய்தார். ஒரு முனையை மட்டக்கல்லில் கட்டிவிட்டு, மறு முனையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து வருவார்.

அன்று குழாய் மூன்று தெருக்களைக் கடந்தது. முடிவெட்டும் கடை வாசலில் பாதி தலையோடு உட்கார்ந்திருந்தவர் காலைத் தூக்கி வழிவிட்டார். சைக்கிள்காரர் ஒருவர் கவனிக்காமல் குழாய்மேல் ஏறினார். அந்த நொடியில் தண்ணீர் எகிறி, மாப்பிள்ளையின் வீடு ஆள் ஆழம் பூமிக்குள் இறங்கிவிட்டதாகக் காட்டியது. தண்ணீர் அடங்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு விரல் தாழ்வு" என்றார் ஆய்வாளர்.

"வெயில் காலம் சார். மண்ணு வத்திப்போயிருக்கு. மழை வந்தா ஏறிடும்."

"ஏறட்டும். ஏறினதும் சொல்லி அனுப்புங்க. வந்து, ஏறினதுக்கு நோட்டீஸ் தரேன்."

மாப்பிள்ளை மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஏற்கெனவே கலவை குழைக்க ஆரம்பித்திருந்தார். "போட்டுடலாம்."

இரண்டு விரல் கான்கிரீட்டைத் தரைமேல் போட்டார்கள். கதவு திறக்க மறுத்தது. கதவின் அடியை அறுத்தார்கள். பிறகு மழை வந்தது. களிமண் வயிறு முட்டக் குடித்து உப்பியது. வீடு மெல்ல எழுந்தது. ஆய்வாளர் ஒரு கையில் குடையும் மறு கையில் குழாயுமாக வந்தார்.

"நாலு விரல் மிகை."

"கொத்திடலாம்" என்றார் மேஸ்திரி, அழைக்காமலே.

கொத்தினார்கள். இப்போது கதவுக்குக் கீழே பெரிய சந்து விழுந்தது. சான்றிதழ் எதுவும் கேட்காமல் ஒரு பூனை உள்ளே போய்க் குடியேறியது. மழை நின்றது, வெயில் வந்தது, வீடு இறங்கியது. மறுபடி 'போட்டுடலாம்.' மறுபடி மழை. மறுபடி 'கொத்திடலாம்.' மேஸ்திரி தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மாமனார் வீட்டில் சாப்பாட்டு நேரம் கொண்டாட்டமாகக் கழிந்தது.

"அத்தான்" என்றான் மச்சான், "வீடு கட்டச் சொன்னா லிஃப்ட் கட்டி வச்சிருக்கீங்களே!"

"சும்மா இருடா" என்று மாமியார் அதட்டினார். பிறகு மாப்பிள்ளையிடம் கனிவாகக் கேட்டார்: "இன்னைக்கு எந்த மாடியில நிக்குது மாப்பிள்ளை?"

மாமனார் சிரிக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே விரிப்பதற்காக ஒரு பாயை எடுத்து அளந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அலுவலகத்துக்கு ஓடினார். "சார், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. பிரச்சினை வீட்டுல இல்ல. மண்ணுலதான்."

ஆய்வாளர் யோசித்தார். "அப்படின்னா மண்ணோட நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டு வாங்க."

மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மாள் கண்டிப்பானவர். ஒரு பிடி களிமண்ணைத் தண்ணீரில் போட்டார், அடுப்பில் வாட்டினார், உருட்டினார், நீண்ட நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'மண் அடிப்படையில் நல்ல மண். ஆனால் உணர்ச்சிவசப்படக்கூடியது. கோடையில் தாகமும் மழையில் அளவுமீறிய குடியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அமைதியாக இருக்கும்.'

அன்று முதல் மாப்பிள்ளை மண்ணுக்கு வளர்ப்புத் தந்தை ஆனார். வெயிலில் வீட்டைச் சுற்றி அளவாகத் தண்ணீர் விட்டார். மழை வந்தால் சுற்றிலும் குடை விரித்தார். இருந்த குடைகள் போதாமல் கடையிலிருந்தும் பக்கத்து வீடுகளிலிருந்தும் வாங்கி நட்டார். தான் மட்டும் நனைந்துகொண்டு, மண்ணுக்குக் குடை பிடித்து நிற்கும் அவரைப் பார்க்க ஊரே திரண்டது. முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சந்தேகப்பட்டார்கள். மூன்றாம் வாரம், மண்ணுக்குக் குடை பிடிக்காத குடும்பம் நாகரிகம் தெரியாத குடும்பம் என்று ஆகிவிட்டது. பூப்போட்ட குடை, ஜரிகைக் குடை என்று தெருவுக்குத் தெரு போட்டி. மண் மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொண்டு ஒருவர் கடை திறந்தார். களிமண்ணிடம் காலையில் என்ன பேச வேண்டும், மாலையில் என்ன பேசக் கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கூட்டம் நெரிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாள் எழுதியது பலித்தது. மாப்பிள்ளையின் வீடு அசையவில்லை. கதவு மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரி சாத்தியது. சுவர் அசைந்தால் தெரியட்டும் என்று பழைய விரிசலின் குறுக்கே மனைவி ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆய்வாளரை அழைத்தார். அது வெயில் காலம்.

"ரெண்டு விரல் தாழ்வு."

மழை வந்ததும் மறுபடி அழைத்தார்.

"ரெண்டு விரல் மிகை."

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கோடை பிறந்தது. மச்சான் கல்யாணத்துக்குப் பந்தல்காரர் வந்து அளவெடுத்துப் போயிருந்தார். "விதி இதுதான்னா நான் என்ன பண்றது? குனிஞ்சே வாழ்ந்துட்டுப் போறேன்" என்றார் மனைவியிடம்.

மனைவி அதுவரை குடம் தூக்கியதோடு சரி, வாய் திறந்ததில்லை. இப்போது திறந்தார்.

"என்னங்க, குழாய்க்கு ரெண்டு முனை இருக்குல்ல?"

"ஆமா."

"இந்தப் பக்கத்தை நாம பாத்துக்கறோம். அந்தப் பக்கத்தை யாரு பாத்துக்கறாங்க?"

இருவரும் அலுவலகத்துக்கு நடந்தார்கள். மட்டக்கல்லின் மேல் மரியாதைக்காக ஒரு தகரக் கூரை போட்டிருந்தார்கள். அதன் அடியில் மழை ஒரு சொட்டும் படாது. கல்லுக்கு நேர் மேலே பெரிய அதிகாரியின் அறை. அந்த அறையின் ஏ.சி.யிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கல்லின் காலடியில் சொட்டிக்கொண்டே இருந்தது. அங்கே மண் சேறாகக் குழைந்து உப்பியிருந்தது. கோடையில் ஏ.சி. ஓடுகிறது, மண் உப்புகிறது, கல் ஏறுகிறது. மழைக் காலத்தில் ஏ.சி. ஓய்வெடுக்கிறது, கூரைக்கு அடியில் மண் காய்கிறது, கல் இறங்குகிறது. மட்டக்கல்லும் களிமண்ணில்தான் நின்றது.

ஆய்வாளரை வெளியே அழைத்துக் கல்லைக் காட்டினார்கள். மூவரும் பெரிய அதிகாரியின் முன் போய் நின்றார்கள். அறை அவ்வளவு குளிர். அதிகாரி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கோடையைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"அலுவலகக் கல் நகராது" என்றார் அவர்.

"நகருது சார். உங்க ஏ.சி. தண்ணி..."

"நகரணும்னா மேலிடத்து உத்தரவு வரணும். வந்திருக்கா?"

ஆய்வாளர் கோப்புகளைப் புரட்டினார். "வரலை சார்."

"அப்ப நகரலை. அடுத்த வேலையைப் பாருங்க."

மனைவி பணிவாகச் சொன்னார்: "நீங்க சொன்னா சரிதான் சார். இருந்தாலும் ஊர் வாயை மூடணுமில்ல? இந்த ஏ.சி.யை மட்டும் இந்தக் கோடை முழுக்க நிறுத்தி வச்சு, கல்லு அப்பவும் நகரலைன்னு காட்டிடுங்களேன்."

அதிகாரி ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஓர் அச்சம் நிலவியதில்லை. கல் நகர்ந்தது என்று ஒப்புக்கொள்வதா, ஏ.சி.யை நிறுத்துவதா? நிர்வாகம் நேர்மையின் பக்கம் நின்றது.

"கல் நகருது" என்றார் பெரிய அதிகாரி. "எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்தான்."

"ஆனா சார்" என்றார் ஆய்வாளர், "நகராத பொருள் ஒண்ணு வேணுமே! எதை வச்சு ஊரை அளக்கறது?"

"ஊர்ல நகராதது எது?"

ஆய்வாளர் யோசித்தார். "நான் இத்தனை தடவை அளந்தது இவர் வீட்டைத்தான். நகர்ந்தது கல்லுன்னா, இவர் வீடு நகரவே இல்லைன்னு ஆகுது சார்."

இவ்வாறாக, மாப்பிள்ளையின் வீடு ஊரின் அதிகாரப்பூர்வ மட்டமாக நியமனம் பெற்றது. மட்டக்கல்லுக்கு ஓய்வு கொடுத்தார்கள். 'இவர் பணிக்காலத்தில் பல ஏற்ற இறக்கங்களைக் கண்டவர்' என்று பெரிய அதிகாரி உருக்கமாகப் பேசினார். பிறகு அதைப் பிடுங்கி, தன் அறைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்தார்.

சான்றிதழ் அன்றே வந்தது. மாப்பிள்ளை வீடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சரிநேராக இருந்தது. ஒரு நூல் பிசகில்லை. அன்று மதியம் அவர் சொந்தத் தரையின் நடுவில் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் நாலு திசைக்கும் நீட்டினார். எதுவும் இடிக்கவில்லை. "போதும், எழுந்திரிங்க" என்று மனைவி சொன்னபோது, "இப்பத்தான் வலது கால் நம்ப ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

மச்சான் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அதற்கு அடுத்த வாரம் புதிய மட்டத்தை வைத்து ஊரை அளக்கத் தொடங்கினார்கள். குழாயின் ஒரு முனை இப்போது மாப்பிள்ளையின் சமையலறையில். மறு முனை முதலில் போனது மாமனார் வீட்டுக்கு.

"மூணு விரல் தாழ்வு. சரி பண்ற வரைக்கும் வீட்டுக்குப் பூட்டு."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் வாசலில் ஒரு வண்டி நின்றது. மாமனார் இறங்கினார். மாமியார் இறங்கினார். மச்சானும் புதுப்பெண்ணும் இறங்கினார்கள். அரிசி டிரம் இறங்கியது.

"கொஞ்ச நாள்தான் மாப்பிள்ளை" என்றார் மாமனார், ஜன்னலோரத்தை நோட்டம் விட்டபடி.

மாப்பிள்ளை மேஸ்திரியிடம் ஓடினார். "எப்படியாவது மாமா வீட்டுத் தரையை மூணு விரல் ஏத்திடுங்க. உங்க காலைப் பிடிக்கறேன்!" மேஸ்திரி ஊர் முழுக்க அழைப்பு வந்து திணறிக்கொண்டிருந்தாலும், பழகிய பாசத்தில் முதலில் அங்கேதான் போட்டார். மாப்பிள்ளையே நின்று சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினார். தன் வீட்டுக்குக்கூட அவர் அப்படி ஊற்றியதில்லை. தரை இறுகியது. ஆய்வாளர் அளந்துவிட்டு, "சரிநேர். நாளைக்கு வந்து பூட்டைத் திறக்கறேன்" என்றார்.

இதற்குள் மாமனாரின் இரண்டு தங்கைகளும் தங்கள் வீடுகள் பூட்டப்பட்டு, குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்தார்கள். வீட்டில் நடக்க இடமில்லை. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி, நின்றவர் நின்றபடி. மாப்பிள்ளை வாசலில் நின்று, மாமனாரின் சாமான்களைத் தானே கயிறு போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினார். கடைசி முடிச்சைப் போடும்போது ஆய்வாளர் வந்தார்.

"பூட்டைத் திறந்தாச்சா சார்?"

"இல்ல. திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்தேன். அவர் வீடு ஒரு விரல் மிகை."

"நேத்து சரியா இருந்துச்சே?"

"அவர் வீடு மட்டுமில்ல. சரின்னு விட்ட அத்தனை வீடும் ஒரு விரல் மிகை. ராத்திரியோட ராத்திரியா ஊரே எழும்பியிருக்கு."

மாப்பிள்ளை தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இடுக்கு விடாமல் மாமனார் வீட்டு மனிதர்கள். சுவரில் காகிதம் கிழிந்திருந்தது. "சார்" என்றார் குரலைத் தாழ்த்தி, "ஊர் எழும்பல. பாரம் தாங்காம என் வீடுதான் ஒரு விரல் அமுங்கியிருக்கு."

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதிகாரப்பூர்வ மட்டம் அமுங்காது. அமுங்கணும்னா உத்தரவு வரணும்."

மறுநாள் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊர் முழுவதும் அனுமதியின்றி ஒரு விரல் உயர்ந்துவிட்டது. மக்கள் தத்தம் வீடுகளை உடனே தாழ்த்திக்கொள்ள வேண்டும். அதுவரை எல்லா வீடுகளுக்கும் பூட்டு. தெருத் தெருவாகக் கொத்தும் சத்தம் கிளம்பியது. மூட்டை முடிச்சோடு நின்ற ஜனங்கள், பூட்டு இல்லாத ஒரே வீட்டை நோக்கி மெல்ல நடக்கத் தொடங்கினார்கள்.

மாமனார் அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். அவர் முகம் மலர்ந்தது. நெஞ்சு விரிந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? எங்க வீடு உயர்ந்துடுச்சாம்!"

கட்டிய கயிற்றை அவிழ்த்தார். வண்டியிலிருந்து பெரிய இரும்புப் பெட்டியை இறக்கி, மூச்சு வாங்க உள்ளே தூக்கிக்கொண்டு போய், தொப்பென்று தரையில் வைத்தார்.

ஊர் இன்னும் ஒரு நூல் உயர்ந்தது.